பிரேமதாசா எப்போது மாறினார்? இந்திய ஆமி விசயம்

ஒட்டுசுட்டான் ரீச்சர்
ஏ.எல். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 1987இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன இந்தியப் படையை அழைத்தபோது பிரேமதாசாதான் பிரதமர். 1989இல் அவரே ஜனாதிபதியாகி வெளியே போ என்கிறார். ஒரே கட்சி. இடையில் எப்போது மனம் மாறினார் என்கிறாள். அடுத்த பாடத்தில் சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். நான் பிறந்ததே 1990இல். அப்போது இங்கே இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்
ரீச்சர், அந்த ஆளுக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் பிரதமர் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. நவம்பரில், ஒப்பந்தத்தின்படி மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியபோதும் அதே கதிரைதான்.

ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் பாருங்கள். தேவைப்பட்டால் அமைதிப் படையை அழைக்கலாம் என்ற அதிகாரம் ஜனாதிபதிக்குத்தான் இருக்கிறது. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசா படையைத் திருப்பி அனுப்புவேன் என்றுதான் நின்றார். எதிர்த்து நின்ற சிறிமாவோவும் அதையே சொன்னா. ஒப்பந்தத்தை எதிர்த்த சிங்களக் கிளர்ச்சிக் கட்சி ஜேவிபி தெற்கை முடக்கி வைத்திருந்த நேரம், வேறு கதை கதைத்து வெல்ல ஏலாது. 1989 மே மாதம் புலிகளோடு கொழும்பில் பேச்சு, ஜூன் 1 கெடு வைத்தார்: ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நாளான ஜூலை 29க்குள் எல்லாரும் போய்விட வேண்டும்.

அந்த இரண்டு மாதம் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது. வயலுக்குப் போகிற வழியில் இந்திய ஆமியின் ஒரு சென்ரி, காவலரண். அதில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். அடையாள அட்டை பார்க்கிற சாட்டில் சைக்கிளை மறித்து, "தம்பி, ரேடியோல என்ன சொன்னான்? எப்போ போறோமாம்?" என்பார். நான் ரோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்துத்தான் பிபிசி தமிழோசை கேட்பேன். ஒருநாள் இரண்டு புதுப் பற்றரியைக் கையில் வைத்து, நல்லாக் கேட்டுட்டு வா என்றார். ஜூலை 29 காலையும் அந்த வழியால் போனேன். மண்மூட்டை அடுக்கிக்கொண்டு நின்றார். பழைய சாக்கு இற்றுப்போய்விட்டது. அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கெடு நாளில் சில நூறு பேர்தான் போனார்கள். செப்டம்பர் 18 இன்னொரு உடன்பாடு, டிசம்பர் 31 என்று புதுத் திகதி. கடைசி ஆள் திருகோணமலையில் கப்பலேறியது 1990 மார்ச் 24. மாறியது என்றால் திகதிதான் மாறியது.

வவுனியா வாசகன்
அண்ணை, அவருக்கு நீங்கள் நல்லாத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். பிடிக்காத ஒப்பந்தம் என்றால் 87இலேயே விலகியிருக்கலாமே. அப்புறம், இந்தியப் படையை விரட்ட அவருடைய அரசாங்கமே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. படை போய் மூன்று மாதம் ஆகமுன், 1990 ஜூனில், அதே இரண்டு பேருக்கும் சண்டை. ரீச்சர், இதை விட்டுவிட்டுப் படிப்பிக்காதீர்கள். படையை அனுப்பிய இந்தியப் பிரதமர் ராஜீவைப் பற்றியும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அமைதி காக்க என்று வந்த படை 1987 அக்டோபர் 10இல் புலிகளோடு சண்டையைத் தொடங்கி, 1,100க்கு மேல் சிப்பாய்களைப் பறிகொடுத்தது. இங்கே செத்த சனத்தின் கணக்கு தனி.

முத்தையன்கட்டுக் கமக்காரன்
ஆயுதம் கொடுத்தது சரி, நான் விட்டது பிழைதான். ஆனால் விலகியிருந்தால் ஜனாதிபதி வேட்பாளராகக் கட்சிக்குள் அவரோடு போட்டியிலிருந்த லலித் அத்துலத்முதலியோ காமினி திசாநாயக்கவோ ஆகியிருப்பார் தம்பி. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்
ஒப்பந்தத்துக்குப் போகாதவர் ஏன் விலகவில்லை என்று பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்கப் போகிறேன். ஐயா, அந்தச் சிப்பாய் பிறகு?

முத்தையன்கட்டுக் கமக்காரன்
தெரியாது பிள்ளை. மாரி முடிகிற நேரம் ஒரு விடியப்புறம் போனேன், சென்ரியில் ஒருவரும் இல்லை. மூட்டைகள் மட்டும் கிடந்தன. அம்மா வந்து மண்ணைக் கொட்டி நாலு சாக்கை எடுத்துக்கொண்டா, நெல் கட்ட. அவர் கடைசியாக அடுக்கியவை, நல்ல சாக்கு.