குளவியைப் புழுவோடு சேர்த்து எடுங்கள்

ஒட்டுண்ணிக் குளவி (புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும் குளவி) பார்த்த அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது சேலம் பக்கம் ஓர் ஆமணக்குக் காட்டில் கிடைத்தது.

காவடிப்புழு இலையை அரித்துத் தின்பது தெரிந்ததுதான். அன்று சில புழுக்கள் மட்டும் தின்னாமல், நகராமல் கிடந்தன. வால் பக்கம் பழுப்பு நிறத்தில் சின்னக் கூடு ஒன்று ஒட்டியிருந்தது. இலையோடு கிள்ளி டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தேன். சில நாளில் எறும்பளவு குளவி ஒன்று கூட்டைக் கடித்துத் திறந்து வெளியே வந்தது.

பூச்சியியல் படித்த அண்ணன் ஒருவர் அதை மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். உணர்கொம்பில் 18 கணு இருந்ததால் மைக்ரோகாஸ்ட்ரினே என்ற, புழுக்களைத் தாக்கும் குளவிகளின் துணைக்குடும்பம். அப்புறம் இறக்கை நரம்பு, முட்டையிடும் ஊசியின் நீளம், முதுகின் மேடு பள்ளம் எல்லாம் பார்த்துவிட்டு ஸ்னெலீனியஸ் மேகுலிபென்னிஸ் என்றார். பழைய புத்தகங்களில் மைக்ரோப்ளைட்டிஸ் என்ற பேரினத்தில் இருக்குமாம். புதிய இனம் இல்லைதான். ஆனால் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரிந்ததால்தான் சட்டென்று சொல்ல முடிந்தது என்றார்.

அதற்குப் பிறகுதான் கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே காட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற இரு உயிரியலாளர்கள் 1978 முதல் அங்கே புழுக்களை வளர்த்துப் பதிவு செய்கிறார்கள். உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்றுப் புழு சேகரிக்கிறார்கள். அப்படிக் கிடைத்த 2,597 குளவிகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வந்தது. உருவத்தை வைத்துப் பிரித்தபோது 171 இனம். டி.என்.ஏ பார்கோடையும் (இனத்தை அடையாளம் காட்டும் ஒரு சிறு டி.என்.ஏ துண்டு) சேர்த்துப் பார்த்தால் 313! அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே ஒரு புழு இனத்தையோ, மிகச் சில இனங்களையோ மட்டும் தாக்குபவை. பல புழுக்களைத் தாக்கும் ஒரே குளவி என்று நினைத்தது, ஆளுக்கொரு புழுவைப் பிடித்துக்கொண்ட பல குளவிகளாக இருந்திருக்கிறது. வலை வீசிப் பிடித்திருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்கவே வந்திருக்காது.

2021இல் பெரும்பாலும் பார்கோடையும் ஒரு படத்தையும் வைத்தே கோஸ்டாரிகாவின் 403 புதிய குளவி இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். இனங்களை விவரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. லென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கும் அடையாளம் காண ஒரு வழி வேண்டும். ஆனால் விவரிக்க ஆள் வருவதற்குள் காடு அழிந்துவிடும் என்ற அவசரமும் பொய்யில்லை.

நீங்கள் வளர்த்தால் குளவியை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், ஃபார்மலின் வேண்டாம், அது டி.என்.ஏவைக் கெடுத்துவிடும். காலிக் கூடு, செத்த புழு, செடியின் பெயர், ஊர், தேதி எல்லாம் கூடவே இருக்கட்டும். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். டப்பாவில் குளவிக்குப் பதில் ஈ வந்தாலும் எறிந்துவிடாதீர்கள். டாக்கினிட் ஈக்களும் புழுவைத் தின்று வளர்பவைதான், அவற்றைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.