மறு: பழைய பனியனில் குரோஷா – ‘பனியன் நூல்’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். பழைய டி-ஷர்ட்டை நீளநீளமாக வெட்டி, ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷாவுக்குப் பயன்படுத்துகிறோமே, அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘துணிநார்’ என்று பெயர் வைக்கலாம் என்றிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> ‘பனியன் நூல்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். திருப்பூரில் போய் இதைக் கேட்டால் கோனில் சுற்றிய ஹோசியரி நூலைத்தான் எடுத்து வைப்பார்கள். கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பின்னுவது அதில் அல்ல, சாயம்போன டி-ஷர்ட்டில்.

அதைவிட எனக்கு உறுத்துவது ‘நூல்’. நூற்றால்தானே நூல்? இங்கே யாரும் நூற்கவில்லை. அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, கைப்பகுதியை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் குழாயை 2 சென்டிமீட்டர் அகலத்தில் வரிசையாக நறுக்குகிறோம். ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு விரற்கடை வெட்டாமல் விட்டு, கடைசியில் அந்த இடத்தைச் சாய்வாக வெட்டினால் அறுபடாமல் ஒரே நீளமாக வந்துவிடும். சுண்டி இழுத்தால் ஓரங்கள் சுருண்டு கயிறு மாதிரி ஆகும். (பக்கத் தையல் இல்லாத பனியன்தான் வாகு. தையல் வரும் இடத்தில் இழுக்கும்போதே விட்டுப்போகிறது.) வாழைப்பட்டையில் உரித்தெடுப்பதை நூல் என்கிறோமா? நார். அதனால்தான் ‘துணிநார்’ என்றேன்.

> ‘துணிநார்’ என்றால் ஜவுளி இழை என்று பொருள்படாதா?

நியாயம்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் ‘செயற்கை இழை’ என்று வந்து, அந்த இடத்தை ‘இழை’ பிடித்துக்கொண்டாயிற்று. மோதல் பெரிதாக இருக்காது.

> ‘துணிக்கீற்று’ இன்னும் எளிது.

இதற்கு எங்கள் கூட்டத்து அக்கா ஒருவர் வழி சொன்னார்: இழுப்பதற்கு முன் கீற்று, இழுத்த பின் நார். “கீற்றைச் சுண்டி இழுத்து நாராக்கிக்கொள்ளவும்” என்று செய்முறையில் எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

> நீலகிரி என்பதால் தோடர்களின் ‘புகூர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அது வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் ஊசியில் போடும் பூவேலை. தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அவர்கள் சொல்லைக் கொண்டுவந்து நாம் பின்னும் கால்மிதியடியில் ஒட்டுவது முறையில்லை.

குரோஷாவுக்குக் ‘கொக்கிப்பின்னல்’ எனக்குச் சம்மதம். மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள். பேச்சில் குரோஷாவை யாரும் விடப்போவதில்லை, அது வேறு.

என் உண்மையான கவலை, குரோஷாவில் போடும் கண்ணி வகைகளுக்கு முன்வைக்கப்பட்ட ‘ஒற்றைப் பின்னல், இரட்டைப் பின்னல்’ என்ற பெயர்ப் பட்டியல்தான். அமெரிக்கர்கள் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைத்தான் பிரிட்டிஷார் ‘டபுள் குரோஷே’ என்கிறார்கள். போன மாதம் நானும் ஒரு தோழியும் ஆளுக்குப் பாதியாக ஒரு மிதியடி போட்டோம். எனக்கு அமெரிக்க வீடியோ, அவளுக்கு அவள் அம்மா வைத்திருந்த பிரிட்டிஷ் புத்தகம். இருவரும் போட்டது ‘டபுள்’தான். பத்து வரிசை முடித்து அருகருகே வைத்தால் என் பாதி கிட்டத்தட்ட இரு மடங்கு உயரம்! யார் பிரிப்பது என்பதில் ஒரு டீ ஆறிப்போயிற்று. கொக்கியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி என்பதால் பிரிப்பதென்னவோ நொடி வேலை. நான்தான் பிரித்தேன்.

‘ஒற்றை, இரட்டை’ என்று மொழிபெயர்த்தால் இந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம். எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: அமெரிக்க ‘சிங்கிள்’ குட்டைக்கண்ணி, அமெரிக்க ‘டபுள்’ நெட்டைக்கண்ணி. தொடக்க வரிசைக்குச் ‘சங்கிலி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமெரிக்கர்கள் ‘ஹாஃப் டபுள்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ‘நடுக்கண்ணி’ என்றாள் அதே தோழி. வரிசையின் நடுவில் வரும் கண்ணி என்று படித்துவிடுவார்களே என்றேன், முறைத்தாள். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். 10 மி.மீ. கொக்கியில் நாலு வரிசையாவது போட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.