புதுப்பிப்பு: சித்தப்பாவின் நண்டு வலை புகார்

போன மாதம் எழுதியிருந்தேன்: கரையில் கிடந்த சித்தப்பாவின் நண்டு வலைகள் ராவோடு ராவாகக் காணாமல் போயின. காவல் நிலையத்தில் "இது கடலோரக் காவல் நிலையம் பார்க்க வேண்டியது" என்றார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். கடைசியில் கையில் கிடைத்தது மனு ரசீது மட்டும், அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு.

இப்போது எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) போட்டாகிவிட்டது. பலர் சொன்னபடி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைக் காட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்பிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிய வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அந்தப் பிரிவில் தெளிவாக இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டென்றால் நேரடியாக எஃப்ஐஆர் வராது. அதனால் மதிப்பைக் காட்ட வலை வாங்கிய பில்லையும் சேர்த்தோம்.

மறு வாரமே கூப்பிட்டார்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார் சித்தப்பா. எழுத்தர் முகம் சுளிக்காமல் நிதானமாகப் படித்தார். 'பழைய வலை' என்று இருந்ததைச் சித்தப்பா நிறுத்தி, "புது வலைங்கய்யா, ரெண்டு தடவைதான் கடல்ல போட்டது" என்றார். திருத்தினார்கள். அந்த நகல் இப்போது மீனவர் அட்டையோடு அதே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.

வலை இன்னும் கிடைக்கவில்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் சொல்ல வேண்டும், நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்புறம், மாதம் ஒருமுறை ஏலக்கூடத்துக்கு வந்து எங்கள் குறைகளைக் கேட்கும்படி ஆய்வாளருக்கு ஊர்க்கூட்டத்தில் மனு எழுதியிருக்கிறோம். பெண்கள்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.