ஐஸ் ஏற்றினால் சைலன்சர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர்

குளச்சல்காரர்: பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு டீசலும் ஐஸும் நிறைய ஏற்றினால் படகின் பின்பக்கம் தாழ்ந்து சைலன்சர் வாய் முங்கிவிடுகிறது, இன்ஜினை அணைத்துக் கிடந்தால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. என்ன வழி அண்ணன்மாரே?

முட்டம் மெக்கானிக்: செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க தம்பி! சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், ஆயில் பால்நிறமாக இருந்தால் மாற்றிவிட்டு அன்றே ஓடவிடுங்கள், உப்புத்தண்ணீர் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

தேங்காய்ப்பட்டணம்: ஓடும்போது புகையின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளிவிடும், அணைத்த பிறகுதான் அலை உள்ளே ஏறும். முழுப் பாரத்தில் நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அதற்கு நன்றாக மேலே குழாயை வளைத்து ஏற்றி இறக்குங்கள். சைலன்சர் வாயில் வெளியே மாட்டும் ஃபிளாப் (மூடி) மட்டும் போதாது.

குளச்சல்காரர்: சரி அண்ணே, ஐஸையும் நடு அறைக்கு மாற்றுகிறேன்.