பிரைமர் டேப்போடு உரிந்து வருகிறது: பெங்களூரு மழையில் அலுமினிய எலிவேட்டர்

எலகங்கா ஷெட்:
வீட்டில் கட்டுகிற இரண்டு சீட் விமானம், 0.6 மி.மீ. கனத்தில் 2024 ரக அல்கிளாட் தகடு (சுத்த அலுமினியம் மேலே பூசிய அலுமினியக் கலவை). எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் பகுதி) இரண்டு பாக எபாக்சி பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்தேன். மறுநாள் பிளேடால் கட்டம் கீறி டேப் ஒட்டி இழுத்தால் சில்லு சில்லாக வருகிறது. ஸ்காட்ச்-பிரைட் நாரால் தேய்த்து, என்.சி. தின்னரில் (பெயின்ட் கரைப்பான்) நனைத்த பனியன் வேஸ்ட் துணியால் துடைத்திருந்தேன். அடித்தது காலை ஏழு மணி, 22 டிகிரி, ஈரப்பதம் 85%. எங்கே தப்பு?

தகட்டுக்காரர்:
முதலில் உரிந்த இடத்தைப் பாருங்கள் சார். உலோகம் பளிச்சென்று தெரிந்தால் பிரைமர் பிடிக்கவே இல்லை. தகட்டிலும் டேப்பிலும் பாதிப் பாதி இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

பளிச்சென்று இருந்தால் முதல் சந்தேகம் அந்த வேஸ்ட் மேல்தான். அதில் எந்த எண்ணெய் இருக்கும் என்று சொல்லவே முடியாது. மலிவு தின்னரும் பிசுக்கை விட்டுப் போகும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் காயும் முன் இன்னொரு காய்ந்த துணியால் எடுங்கள். துணி கறுக்காமல் வரும் வரை திரும்பத் திரும்ப. கடைசியில் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். அரை நிமிடம் உடையாமல் படலமாக நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது.

அடித்த பிரைமரை எடுக்க எமரி தாள் வேண்டாம். இந்தக் கனத்தில் மேல் பூச்சு அலுமினியம் ஒரு பக்கம் 0.03 மி.மீ. தான், அரிப்பிலிருந்து தகட்டைக் காப்பது அதுதான். அலுமினியத்துக்கான ரிமூவர் போதும், ரிவெட் இணைப்புக்குள் இறங்காமல்.

பீன்யா ஸ்ப்ரே:
நேரமும் தப்பு. 22 டிகிரி, 85% என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 19-க்கு மேல். தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்கணும். உங்களுக்கு அது இல்லை. மழை விட்ட மதியம் 26 டிகிரி, 65% கிடைத்தால் தாராளம்.

கம்பிரசர் டேங்கைத் தினமும் வடியுங்கள். ஈரம் பிரிக்கும் ஃபில்டரை கம்பிரசர் வாயிலேயே மாட்டினால் காற்று சூடாக இருக்கும், தண்ணீர் பிரியாது. ஏழெட்டு மீட்டர் ஹோஸ் தள்ளி மாட்டுங்கள்.

எலகங்கா ஷெட்:
மேல் கோட் பாலியூரித்தேன். கவனிக்க வேண்டியது?

தகட்டுக்காரர்:
ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, மூச்சில் போனால் ஆபத்து. கார்பன் மாஸ்க்கை நம்பாதீர்கள், வெளியிலிருந்து காற்று தரும் மாஸ்க்தான் வேண்டும். வடிகால் துளை, ஸ்டாட்டிக் துளை (கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தருவது) இரண்டையும் மறைத்து அடியுங்கள்.

எலிவேட்டரை பேலன்ஸ் செய்வது பெயின்ட் முடிந்த பிறகுதான். கீலுக்குப் பின்னால் ஏறும் எடை வேகத்தில் ஃப்ளட்டர் (கட்டுக்கடங்காத படபடப்பு அதிர்வு) கிளப்பும். பிற்பாடு டச்-அப் செய்தாலும் திரும்பப் பாருங்கள்.