பழைய பார்ட்ஸ் வாங்கி பசங்களோட சேர்ந்து பிசி அசெம்பிள் பண்ணலாமா?

கரூர்_அப்பா:
வணக்கம். பொண்ணு ஏழாவது, பையன் நாலாவது. கம்ப்யூட்டருக்குள்ள என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் நச்சரிச்சிட்டே இருக்காங்க, புதுசா வாங்கி குடுக்கறத விட சேர்ந்து உக்காந்து மாட்டினா நல்லாருக்கும்னு தோணுது. பட்ஜெட் 8000. பழைய மானிட்டர் ஒன்னு இருக்கு, அதுல விஜிஏங்கற பழைய டைப் கேபிள் போர்ட் மட்டும்தான். கடைல ஒருத்தர் ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்ட வாங்குங்கன்றாரு. தப்பா மாட்டி எதையாவது எரிச்சிடுவோமோன்னு பயமா இருக்கு.

ரிப்பேர்_மாமா:
அண்ணே, தனித்தனியா போர்டு, பிராசசர்னு வாங்காதீங்க. மாட்டினதும் ஆன் ஆகலன்னா எது பழுதுன்னே தெரியாது, பசங்க ஆர்வமே போய்டும். ஓடிட்டு இருக்கற செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்னு வாங்கி, கழட்டி திரும்ப மாட்டுங்க. அப்ப ஆன் ஆகலன்னா நாம மாட்டினதுல தான் ஏதோ விட்டுப்போச்சுன்னு தெளிவா தெரியும், தேடலாம். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ இருந்தா விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அதனால ஆபீஸ்ல நல்ல மெஷினையே கழிச்சு விடறாங்க. மூணாவது நாலாவது ஜெனரேஷன் ஐ5 பாருங்க, பெரும்பாலும் விஜிஏ போர்ட்டும் இருக்கும். விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇங்கற இலவச ஓஎஸ் போட்டா தாராளமா ஓடும்.

கடைலயே அரை மணி நேரம் ஓட விட்டு பாருங்க, பயாஸ்குள்ள (ஆன் பண்றப்ப போற அடிப்படை செட்டிங்ஸ்) போய் காட்ட சொல்லுங்க, ஆபீஸ் மெஷின்ல பாஸ்வேர்டு போட்டு பூட்டியிருப்பாங்க, அப்புறம் லினக்ஸ் ஏத்த பென்டிரைவ்ல பூட் பண்ணவே விடாது.

முதல்ல ரேம்ல, அதாவது மெமரி பட்டைல, ஆரம்பிங்க. ஒவ்வொரு தடவையும் பிளக்க புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு தடவ அமுக்கிட்டு கை வைக்கணும். ரேம கழட்டிட்டு ஆன் பண்ணா பீப் பீப்னு கத்தும் இல்லன்னா லைட் மின்னும், திரும்ப மாட்டினா ஓடும், பசங்களுக்கு அந்த ஒரு நிமிஷமே பெரிய பாடம். பிராசசர மட்டும் கடைசியா வச்சுக்கங்க, இன்டெல் சாக்கெட்ல மெல்லிசான பின்னு ஆயிரத்துக்கு மேல நிக்கும், ஒன்னு வளைஞ்சாலும் போர்டு வேலை செய்யாம போகலாம். உள்ள கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டிய மட்டும் யாரும் தொறக்கக்கூடாது, பிளக்க புடுங்கினாலும் கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

ஈரோடு_அம்மா:
நாங்க போன லீவுல இத தான் பண்ணோம். ஸ்க்ரூ தொலையாம இருக்க இட்லி தட்டு வச்சுக்கிட்டோம், ஒவ்வொரு குழிலயும் ஒரு எடத்து ஸ்க்ரூ, பக்கத்துல போன்ல போட்டோ. ஒரு நாள் நெட் இருந்தும் எந்த சைட்டும் ஓபன் ஆகல, தேதி 2012ன்னு இருக்குன்னு என் பையன் தான் கண்டுபிடிச்சான். போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி செத்துருக்கு, மாத்தினதும் சரியாச்சு. அந்த காயின் பேட்டரிய குட்டி பசங்க கைக்கு எட்டாம வச்சுக்கங்க அண்ணா, முழுங்கிட்டா உள்ள புண்ணாக்கிடும், உடனே ஆஸ்பத்திரி ஓடணும்.

பின்_40:
ராஸ்பெர்ரி பை எனக்கு ரொம்ப புடிக்கும், 2012ல 35 டாலருக்கு வந்தப்பவே ஸ்கூல் பசங்கள மனசுல வச்சு தான் பண்ணாங்க. ஆனா எல்லாமே ஒரே போர்டுல ஒட்டி வரும், உங்க பசங்க கழட்டி மாட்ட அதுல ஒன்னும் இல்ல. அடாப்டர், மெமரி கார்டு, உங்க மானிட்டருக்கு விஜிஏ கன்வெர்ட்டர்னு தனியா செலவு வேற இழுக்கும். அடுத்த வருஷம் எல்இடி எரிய வைக்கறது, சென்சார் இதெல்லாம் செய்ய ஆசைப்பட்டா அப்ப வாங்குங்க.

கரூர்_அப்பா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை பசங்களையும் கூட்டிட்டு திருச்சி போறேன். 4ஜிபி ரேம் போதுமா?

ரிப்பேர்_மாமா:
8 ஆக்கிடுங்க. உள்ள இருக்கறது டிடிஆர்3யா 4ஆன்னு ஸ்டிக்கர பாத்துட்டு அதே டைப்ல இன்னொரு 4 வாங்குங்க, ரேம் அடில வெட்டு இருக்கற எடம் ரெண்டுக்கும் வேற வேற, மாறிப்போனா உள்ளயே போகாது. அத மாட்டற வேலைய பொண்ணுகிட்ட விட்டுருங்க.