அசோலா, கரையான் எல்லாம் போட்டும் தோல்முட்டை வருது, அவசரம், உதவி பண்ணுங்க

கோபி_தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கடைத்தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகலைன்னு நிறுத்திட்டு இப்ப எல்லாம் வீட்லயே பண்ணிப் போடறனுங்க. தண்ணியில மிதந்து வளர்ற அசோலாச் செடி தொட்டியில நல்லா வந்திருக்கு, பானை வெச்சு கரையானும் எடுக்கறேன், கோழிக அடிச்சுப் புடிச்சு திங்குது. ஆனா முட்டையெல்லாம் தோல்முட்டையா வருது, ஓடே இல்லாம, கையில எடுத்தா தண்ணி நெறச்ச பலூனாட்டம் நெளியுது, ரெண்டு கோழி வேற மூலையில உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. என்ன போடறதுங்க? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

சிறுவிடை_சிவகங்கை:
எத்தனை கோழி, என்ன ரகம், எத்தனை மாசம்? தானியம் என்ன போடுறீங்க? மேய விடுறீங்களா, அடைச்சே வச்சிருக்கீங்களா? இது எதுவும் தெரியாம என்னத்தச் சொல்றது.

மொட்டைமாடி_கோழி:
இது வெயிலாத்தான் இருக்கும். சித்திரையில எங்க வீட்லயும் இதே கதைதான். கோழி வாயைத் தொறந்து மூச்சு வாங்குதான்னு மத்தியானம் போய் பாருங்க. அப்படி மூச்சு வாங்கினா ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு ஓடு சரியா கட்டாது. கூரை மேல தென்னங்கீத்து போட்டு தண்ணி தெளிங்க, குடிக்கிற தண்ணிய மத்தியானம் ஒரு தடவை மாத்தி வைங்க.

பழைய_பண்ணைக்காரர்:
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கேயே பல தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. வீடியோ பாத்துட்டு அசோலாவ முழுத்தீவனமா போடுறவங்க எல்லாரும் கடைசியில இங்கதான் வந்து நிக்கிறீங்க. ஒரு கிலோ பச்சை அசோலாவுல 900 கிராமுக்கு மேல தண்ணி. காஞ்சது மிச்சம் இருக்கிறதுல கால்வாசி புரதம்னே வச்சுக்கிட்டாலும் 20, 25 கிராம் தாண்டாது. கோழிக்கு வயிறு ரொம்பும், சத்து ரொம்பாது. அடிப்படைய படிச்சுட்டு அப்புறம் கோழி வாங்கணும்.

வானம்பார்த்த_காடு:
கரையான் எங்க இருந்து எடுக்கிறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல. வரப்போரம், வீட்டுச் சுவத்தோரம் யாராவது குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து அடிச்சிருந்தா அந்தக் கரையானைத் தின்ன கோழி சுருண்டு உக்காந்துரும். மத்தபடி கரையான் மேல பழி போடாதீங்க, குஞ்சுக்கு அதை மாதிரி தீனி கிடையாது. ஓட்டைப் பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, பழைய ஓலை எல்லாம் திணிச்சு தண்ணி தெளிச்சு புத்துப் பக்கத்துல சாயந்திரம் கவுத்து வைங்க, காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துக் கொட்டிரணும், நேரமாச்சுன்னா எல்லாம் மண்ணுக்குள்ள இறங்கிரும்.

கோபி_தோட்டம்:
12 பெட்டை 2 சேவலுங்க. சிறுவிடை நாட்டுக்கோழியும் கலப்பும். எல்லாமே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கம்பு, குருணை, கொஞ்சம் தவிடு. நாய்த் தொல்லைன்னு வலை கட்டி உள்ளயே வெச்சிருக்கறேன். மருந்தெல்லாம் எங்க தோட்டத்துல அடிக்கறதே இல்லீங்க.

கால்நடை_படிச்சவ:
வலைக்குள்ளயே இருக்குன்னு நீங்க முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது தம்பி. உங்க தீனியில சுண்ணாம்புச்சத்து இல்ல, அதான். ஒரு முட்டை ஓட்டுல மட்டும் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கு. ஒரு கோழி நாளைக்கு 100 கிராம் கம்பு தின்னாலும் அதுல 50 மில்லிகிராம்கூட வராது. தவிட்டுல இருக்க பைட்டேட்ங்கிற பொருள் இருக்கிற கால்சியத்தையும் உடம்புல சேரவிடாம பிடிச்சு வச்சுக்கும். கடைத்தீவனத்துல இதையெல்லாம் கணக்குப் பண்ணி கலந்திருப்பாங்க, நிறுத்தினதும் கோழி தன் எலும்புல இருந்து எடுத்து ஓடு கட்டும், அதுவும் தீந்தா தோல்முட்டை, அப்புறம் கால் விழுந்துரும். மூலையில உக்காந்தது அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா வெள்ளைக்கழிச்சல், அதான் ராணிக்கெட் நோய், அதுக்குத் தடுப்பூசி போட்டீங்களா, எச்சம் பச்சையா போகுதா, கழுத்து திருகுதான்னு பாத்துச் சொல்லுங்க. அந்த ரெண்டையும் தனியா பிரிச்சு வச்சு டாக்டர்கிட்ட காட்டிருங்க.

மத்ததுக்கு கிளிஞ்சல, அதான் சிப்பி ஓட்டை, இடிச்சு தனிக் கிண்ணத்துல வைங்க. தீனியில கலக்க வேண்டாம், சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு போனா சிறுநீரகம் கெடும். வேணுங்கிற கோழி தானா வந்து கொத்தும். சாயந்திரம் கட்டாயம் கிண்ணம் ரொம்ப இருக்கணும், ஓடு பெரும்பாலும் ராத்திரிதான் கட்டுது. வலைக்குள்ள காலை வெயில் விழணும், வைட்டமின் டி இல்லாம கால்சியம் உடம்புல ஒட்டாது.

சிறுவிடை_சிவகங்கை:
அக்கா சொன்னது சரி. கூடவே புரதத்தையும் பாருங்க. கம்புல 11 சதவீதம், குருணையில 7, 8தான், முட்டையிடுற கோழிக்கு 16 வேணும். கடலைப் புண்ணாக்கு பத்துல ஒரு பங்கு சேருங்க, முருங்கை இலைய நிழல்ல காயவச்சு உதுத்துப் போடுங்க.

மொட்டைமாடி_கோழி:
கடலைப் புண்ணாக்கு பாத்து வாங்கணும், மழைக்காலத்துல பூஞ்சணம் பிடிச்சா அஃப்ளடாக்சின்ங்கிற விஷம் சேரும், ஈரல் போயிரும். நான் கருவாட்டுத் தூள்தான் போடுறேன்.

சிறுவிடை_சிவகங்கை:
கருவாட்டுல இருக்க உப்பு என்னாகும்? உப்பு கூடினா கழிச்சல் எடுக்கும், கோழி செத்தே போகும். உப்பில்லாம காயவச்ச மீனா இருந்தா சரி.

வானம்பார்த்த_காடு:
எதுக்கு இவ்வளவு தொல்லை. நாய்க்கு ஒரு வழி பண்ணிட்டு அவுத்து விட்டா புழு, பூச்சி, கல்லுன்னு கோழியே தேடிக்கும். கம்பெனி தீவனத்துல ஹார்மோனும் மருந்தும்தான் இருக்கு, நிறுத்தினது நல்லதுதான்.

பழைய_பண்ணைக்காரர்:
கோழித்தீவனத்துல ஹார்மோன் யாரும் கலக்குறதில்ல. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீனியில போட்டாலும் வயித்துல செரிச்சுப் போயிரும். பிராய்லர் சீக்கிரம் வளர்றது தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்ததால. மருந்து விஷயம் வேற, அதுல பயப்பட நியாயம் இருக்கு. கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாடிக்க கோழிக்குக் குடுக்கிறத 2019லயே அரசு தடை பண்ணிருச்சு. தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும்.

வானம்பார்த்த_காடு:
தடை பண்ற வரைக்கும் போட்டாங்கல்ல ஐயா, அதைத்தான் நானும் சொல்றேன். எங்க அப்பத்தா காலத்துல தீவனக் கடையே கிடையாது, கோழி முட்டை விடாமலா இருந்துச்சு?

கால்நடை_படிச்சவ:
விட்டுச்சு, வருஷத்துக்கு 60, 70. அதுவும் ஊரெல்லாம் மேஞ்சு. இந்தத் தம்பி வலைக்குள்ள வச்சிருக்காரு, அதனால நத்தையும் கல்லும் நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும். சண்டைய வேற இழையில வச்சுக்கோங்க.

கோபி_தோட்டம்:
கிளிஞ்சல் வெச்சனுங்க, சாயந்திரமானா மொச்சுத் திங்குது. ஓடு கட்ட ஆரம்பிச்சிருச்சு, இன்னும் மெல்லிசாத்தான் இருக்கு. உக்காந்ததுல ஒண்ணு நடக்குது. தடுப்பூசி போன தடவை போட்டதுதான். ரொம்ப நன்றிங்க அக்கா. தறிக்கு நேரமாச்சு, அப்பறம் எழுதறேன்.

கால்நடை_படிச்சவ:
இன்னொரு கோழி? டாக்டர் என்ன சொன்னார்?

குளித்தலை_வீடு:
கிளிஞ்சல் எங்க கிடைக்கும்? எங்க ஊர்ல கேட்டா யாருக்கும் தெரியல.

சிறுவிடை_சிவகங்கை:
தீவனக் கடையில ஷெல் கிரிட்டுன்னு கேளுங்க. கிடைக்கிற வரைக்கும் வீட்டு முட்டை ஓட்டையே கழுவி, சட்டியில வறுத்து, பொடியா இடிச்சுப் போடுங்க. முழுசா போட்டா முட்டையக் கொத்திப் பழகிரும்.